தாத்தா எந்தப் பட்டாளத்தில் இருந்தார்?



"எங்கள் தாத்தா பட்டாளத்தில் இருந்தவர்" எனும் பேச்சு நம் தோட்டப்புறக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. எந்தப் பட்டாளம் என்று வினவினால்தான் மௌனம். ஆனால், தேடல் தொடங்க வேண்டிய இடம் அவ்வினாவே.

1941 டிசம்பரில் மலாயாவில் இறங்கிய ஜப்பானியரை எதிர்த்தவர்களுள் பிரிட்டிஷ் இந்தியப் படையினரும் பல்லாயிரவர். அப்போரில் மாண்டு, கல்லறையின்றிப் போனோர் பலரின் பெயர்கள் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பட்டியலில் படைப்பிரிவு, மறைந்த நாள், சில வேளைகளில் தந்தை பெயரும் ஊரும் கிடைக்கும்.

நேதாஜி 1943 ஜூலையில் சிங்கப்பூர் வந்தபின், பால்மரம் வெட்டிய தமிழர் பலர் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்தனர். பெண்கள் ஜான்சி ராணிப் படையில் சேர்ந்தனர். என் தாத்தாவின் அண்ணன் அவ்வாறு சென்று திரும்பாதவர். அவர் பெயரைக் கிராஞ்சியில் தேடி நின்றது என் அறியாமை. பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்தவருக்கு அதன் பட்டியலில் இடமேது? அப்படையினருக்காக 1945இல் சிங்கப்பூரில் எழுப்பிய நினைவுச் சின்னத்தையும் அதே ஆண்டில் பிரிட்டிஷார் தகர்த்தனர்.

இவர்களைத் தேடுவோர் நாடவேண்டியவை புதுடில்லி தேசிய ஆவணக் காப்பகக் கோப்புகளும், சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளுமே.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! எக்காப்பகத்திலும் பெயர் தெரியாமல் தேட இயலாது. இவ்விடுமுறையில் பிள்ளைகளைப் பாட்டியிடம் அமர்த்துங்கள். முழுப்பெயர், தந்தை பெயர், தோட்டம், புறப்பட்ட ஆண்டு ஆகிய நான்கையும் எழுதி வாங்கச் சொல்லுங்கள். நான் கேட்க எண்ணியபோது, சொல்ல எவரும் இல்லை.