ஐந்தேகால் விகலை

கோடை விடுமுறை பிறந்ததும் நம் காலனிக் குடும்பங்கள் மூட்டை முடிச்சுகளுடன் தெற்கே புறப்படுவது ஆண்டுதோறும் காணும் காட்சி. நாக்பூரில் வண்டியேறி, சேவாகிராமத்தைக் கடந்து, புளியோதரைப் பொட்டலத்தை அவிழ்க்கும் வேளையில் ஹிங்கன்காட் என்னும் நிலையம் வருகிறது. எட்டிப் பார்ப்போர் அரியர். ஆயினும் அவ்வூரில் ஒரு பழைய கல்லறை உண்டு. நாம் எந்தச் சென்னையை நோக்கிப் போகிறோமோ, அந்தச் சென்னையிலிருந்து நிலத்தை அளந்துகொண்டே வடக்கு நோக்கி வந்த ஒருவர் அங்கே துயில்கிறார். அவர் தொடங்கிய வேலையின் முடிவில், கணக்கில் ஒரு சிறு வித்தியாசம் விழுந்தது. இக்கட்டுரை அந்த வித்தியாசத்தின் வரலாறு.

விஞ்ஞானம் பேச நமக்கென்ன தகுதி என்று அன்பர்கள் வினவலாம். நாம் பள்ளியிறுதி வகுப்பைத் தாண்டியதில்லை. இரயில்வேயில் கணக்கெழுதும் குமாஸ்தா. ஆனால் கணக்கு நேராகாத இரவின் வேதனையை நாம் அறிவோம். அந்த உரிமையிலேயே எழுதத் துணிந்தோம்.

1802ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், சென்னைக்கு அருகே பரங்கிமலைப் பக்கத்தில் வில்லியம் லாம்டன் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி ஓர் அடிக்கோட்டை அளக்கலானார். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை மீண்டும் மீண்டும் நீட்டி, ஏறத்தாழ ஏழரை மைல் தொலைவை அளந்து முடிக்க 57 நாட்கள் சென்றன. இத்துணைப் பொறுமை எதற்கு? முக்கோணத்தின் ஒரு பக்கமும் அதன் இரு கோணங்களும் தெரிந்தால், மற்றப் பக்கங்களைக் கணக்கிட்டே அறியலாம். அப்பக்கத்தின் மீது அடுத்த முக்கோணம், அதன் மீது இன்னொன்று. இவ்வாறு சங்கிலியை மறுபடி அதிகம் தொடாமலே நாடு முழுவதையும் அளந்துவிடலாம். முதற்கோடு பிழைத்தால் அனைத்தும் பிழைக்கும்.

கோணம் அளக்க அவர் கொணர்வித்த தியோடலைட்டு என்னும் கருவி அரை டன் எடையுள்ளது. அது ஏறிவந்த கப்பலை வழியிலே பிரெஞ்சுக்காரர் பிடித்து மொரீசியசுக்குக் கொண்டு சென்றனர். பின்னர் இன்னதெனத் தெரிந்து, பெருந்தன்மையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மேல் அதனை ஏற்றுகையில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நெளிந்தது. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்துகொண்டு, ஆறு வாரம் உழைத்து, தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டு வெளிவந்தார்.

78ஆம் தீர்க்கரேகையை ஏறத்தாழ ஒட்டி, குமரிமுனையிலிருந்து வடக்கே முக்கோணங்கள் படர்ந்தன. 1823 சனவரியில், ஐதராபாத்திலிருந்து நாக்பூருக்கு முகாமை மாற்றும் வழியில், முதுமையுற்ற லாம்டன் ஹிங்கன்காட்டில் உயிர் நீத்தார். நம் ஊர் வந்து சேர அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

வேலையைத் தொடர்ந்தவர் ஜார்ஜ் எவரெஸ்ட். கங்கைச் சமவெளியில் குன்றுகள் இல்லாமையால் கோபுரங்கள் கட்டி, இமயத்தின் அடிவாரம்வரை அளவைக் கொண்டு சேர்த்தார். குமரி முதல் இமயம் வரை ஏறத்தாழ 2400 கிலோமீட்டர் நீண்ட அவ்வளவை 1841ஆம் ஆண்டளவில் முற்றுப்பெற்றது.

அவருக்குத் துணை நின்ற இருவரை இங்கே சொல்லாமல் விடுவது நன்றன்று. ஒருவர் வங்காளத்து இராதாநாத் சிக்தார். கணிப்பவராக வேலைக்குச் சேர்ந்து, பின்னாளில் பதினைந்தாம் எண்ணிட்ட சிகரமே உலகில் உயர்ந்தது என்னும் முடிவுக்குக் கணக்கால் வழிவகுத்தவர். மற்றவர் நம் ஆர்க்காட்டுக்காரரான சையது மீர் மொஹ்சின் உசேன். பிழைப்புக்காக வடக்கே வந்த இவர், அளவைக் கருவிகளைச் செப்பனிடுவதில் இணையற்றவராகி, 1843இல் அத்துறையின் கருவியாக்குநர் பதவியைப் பெற்றார். சிகரத்துக்கு எவரெஸ்டின் பெயர் வந்தது. இவ்விருவர் பெயரும் ஏட்டில் மட்டுமே நின்றன.

இனி வித்தியாசத்துக்கு வருவோம். கலியான்பூர் என்பது மத்தியப் பிரதேசத்தில் சிரோஞ்சுக்கு அருகிலுள்ள இடம். கலியானா என்பது உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகருக்கு அருகே, இமயத்தை நெருங்கியுள்ள ஊர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ 600 கிலோமீட்டர். இதனை இரு வழியில் அளந்தனர். ஒன்று, முக்கோணங்களின் வழி. மற்றொன்று, விண்மீன்களின் உயரத்தைக் கொண்டு ஒவ்வோரிடத்தின் அட்சரேகையையும் காணும் வழி. முதல் வழியில் கிடைத்த விடை 5 பாகை 23 கலை 42.294 விகலை, இரண்டாம் வழியில் 5 பாகை 23 கலை 37.058 விகலை. வித்தியாசம் 5.236 விகலை. ஐந்தேகால் விகலை என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு பாகையில் 3600 விகலைகள் உண்டெனின், இது எவ்வளவு சிறிதென்பது விளங்கும். நிலத்தில் அளந்தால் ஏறத்தாழ 160 மீட்டர்.

அறுநூறு கிலோமீட்டரில் நூற்றறுபது மீட்டர்! நாமாயின் மகிழ்ந்து கையொப்பமிட்டிருப்போம். எவரெஸ்ட் அது அளவையில் சேர்ந்துவந்த பிழையென்றே கருதி, முக்கோணங்களுக்கிடையே பரவலாகப் பங்கிட்டுக் கணக்கை நேராக்கினார். ஆயினும் ஒன்று செய்தார்: அவ்வித்தியாசத்தை அழிக்கவில்லை. 1847இல் வெளியிட்ட நூலில் இரு விடைகளையும் உள்ளது உள்ளபடி அச்சிட்டார்.

இவ்விடத்தில் நம் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அலுவலகத்தில் சம்பளப் பட்டியலைச் சரிபார்த்தபோது 46 ரூபாய் வித்தியாசம் விழுந்தது. இரண்டு நாள் தேடினோம், அகப்படவில்லை. மேலே இருந்தவர், "ஏனப்பா மண்டையை உடைத்துக்கொள்கிறாய்? சில்லறையில் தள்ளி நேராக்கு" என்றார். தள்ளினோம். அடுத்த மாதமும் அதே 46, மறுபடி தள்ளினோம். நான்காம் மாதம் வேறொரு காகிதத்தைத் தேடுகையில் உண்மை வெளிப்பட்டது. தண்டவாளம் பராமரிக்கும் தொழிலாளி ஒருவருடைய படியில் மாதந்தோறும் தவறாகப் பிடித்துக்கொண்டு வந்திருந்தோம். அவர் எழுதப் படிக்கத் தெரியாதவர். பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது, "ஏதோ பிடித்தம் என்றுதான் நினைத்தேன், பாபுஜி" என்று மட்டும் சொன்னார். அச்சொல் இன்றும் நம்மைச் சுடுகிறது. நாம் நேராக்கியது கணக்கையன்று. ஒரு மனிதரின் கூலியை மறைத்தோம்.

எவரெஸ்ட் மறைக்காது விட்டதனால் விளைந்தது யாது? கல்கத்தாவில் பாதிரியாராக இருந்த ஜான் ஹென்றி பிராட் என்னும் கணித வல்லுநர் அந்த ஐந்தேகால் விகலையை எடுத்து ஆராய்ந்தார். விண்மீன் பார்ப்போர் எது செங்குத்து என்பதைத் தூக்குக் குண்டின் குறிப்பைக் கொண்டே அறிவர். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கும் அதே குண்டின் தத்துவந்தான். பக்கத்தே பெருமலை இருந்தால், அதன் ஈர்ப்பினால் குண்டு மலைப்பக்கம் சிறிது சாயும். கலியானாவில் நேர்ந்தது அதுவே. அளந்தவர் பேரில் குற்றமில்லை.

ஆனால் இமயத்தின் பருமனைக் கணக்கிட்டு அதன் ஈர்ப்பைக் கண்டபோது பிராட் திகைத்தார். வித்தியாசம் ஏறத்தாழ 15.9 விகலை வரவேண்டும். வந்ததோ அதில் மூன்றில் ஒரு பங்கு. இத்துணைப் பெரிய மலை ஏன் இத்துணைக் குறைவாக ஈர்க்கிறது?

பிராட்டின் கட்டுரை வெளியான 1855ஆம் ஆண்டிலேயே, கிரீனிச்சு வானாய்வகத் தலைவர் ஏரி விடை கூறினார். நீரில் மிதக்கும் மரக்கட்டைகளை நோக்குங்கள். எது நீருக்கு மேலே உயர்ந்து நிற்கிறதோ, அதுவே நீருக்குள்ளும் ஆழ்ந்திருக்கும். அவ்வாறே மலைகளும் தம் அடியிலுள்ள கனத்த பொருளின் மேல் மிதக்கின்றன. மேலே உயர்ந்த அளவுக்கு ஏற்ப, கீழே இலேசான பாறையாலான வேர் இறங்கியுள்ளது. கனத்த பொருள் இருக்கவேண்டிய இடத்தில் இலேசான வேர் இருப்பதால் ஈர்ப்பு குறைகிறது. பிராட் 1859இல் வேறு விளக்கம் தந்தார்: புளித்துப் பொங்கிய இட்லி மாவைப் போல, மலையுள்ள இடத்துப் பாறை விரிந்து இலேசாகியது என்பது அதன் சாரம். இவ்விருவர் கருத்திலும் உண்மை உண்டு. இமயத்துக்குப் பெரும்பாலும் பொருந்துவது ஏரியின் கருத்தே.

இது வெறும் ஊகமன்று. பூகம்ப அலைகளைக் கொண்டு பூமியின் உள்ளே நோக்கக் கற்றபின், தென்னிந்தியாவில் சுமார் 35 முதல் 40 கிலோமீட்டர் தடித்துள்ள மேலோடு, திபெத்தின் அடியில் 70 கிலோமீட்டர் அளவுக்குத் தடித்திருப்பது தெரியவந்தது. ஸ்காண்டினேவிய நாடுகளில் பண்டைய பனிப்பாளம் உருகிச் சுமை நீங்கிப் பல்லாயிரம் ஆண்டுகள் சென்றும், நிலம் இன்னும் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வரை மேலெழுந்துகொண்டிருக்கிறது. பாரம் இறக்கிய படகு உயர்வதைப் போல. நாம் அசையாதது என்று நம்பி நிற்கும் நிலமே மிதப்பது என்னும் பேருண்மைக்கு, பெரும் படியாக அமைந்தது நம் நாட்டில் கிடைத்த அந்த ஐந்தேகால் விகலை.

நம் காலனிப் பிள்ளைகள் பள்ளிச் சோதனைச்சாலையில், புத்தகத்திலுள்ள விடை வருமாறு அளவுகளைத் திருத்தி எழுதுவதை நாம் கண்டிருக்கிறோம். அவர்களைக் கடிய நமக்கு வாயில்லை. ஒன்றே வேண்டுகிறோம்: நேராகாத எண்ணை அழிக்காதீர்கள், பக்கத்தில் எழுதி வையுங்கள். அது உங்கள் பிழையாகவே இருக்கலாம். ஓர் ஏழையின் கூலியாகவும் இருக்கலாம். மலையின் வேராகவும் இருக்கலாம்.

அடுத்த கோடையில் வண்டி ஹிங்கன்காட்டைக் கடக்கும்போது, பெற்றோர் புளியோதரைப் பொட்டலத்தைச் சற்றே கீழே வைத்து, சன்னல் வழியே அவ்வூரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவார்களாக.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!