கட்டவிழ்ந்த உயிரணுக்கள்



சேலத்திலிருந்து ஆத்தூர் செல்லும் வழியில் ஜவ்வரிசி ஆலை ஒன்றை இளமையில் நான் கண்டதுண்டு. மரவள்ளிக் கிழங்கின் ஈர மாவைத் துணித் தொட்டிலில் இட்டுக் குலுக்குவர். துகள்கள் ஒன்றையொன்று பற்றி மணியாகத் திரளும். ஈரம் வற்றிய மாவோ திரளாது, காற்றில் பறக்கும். நம் உடலின் உயிரணுக்களும் ஒன்றையொன்று பற்றியே நிற்கின்றன. அப்பற்று தளரும்போது புற்றுநோய் பரவுகிறது. மருத்துவ உலகம் இவ்வுண்மையை உணர்ந்த வரலாற்றையே இன்று கூற விழைகிறேன்.

1889-ஆம் ஆண்டில் இலண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பாஜெட், மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களைப் பற்றிய குறிப்புகளை ஆராய்ந்தார். நோய் கண்டவிடமெல்லாம் பரவாமல், ஈரலையும் சில எலும்புகளையும் நாடிச் சென்றிருந்தது. விதை எங்கு விழினும் ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கருத்து. நம் புன்செய் உழவருக்கு இது புதிதன்று. ஆயின், அவ்விதை செடியை விட்டுக் கழன்றது எவ்வாறு?

1944-இல் அமெரிக்கரான டேல் கோமன், ஒட்டி நின்ற உயிரணுக்களை நுண்ணிய ஊசிகளால் பிரித்துப் பார்த்தார். புற்று அணுக்களைப் பிரிக்கக் குறைந்த விசையே போதுமானதாயிருந்தது. அணுக்களைப் பிணைக்கும் புரதத்தை ஜப்பானின் கியோட்டோ நகரில் மசதோஷி தகெய்ச்சி கண்டறிந்தார். மாவுக்கு ஈரம் போல, இப்புரதத்துக்குச் சுண்ணாம்புச் சத்து இன்றியமையாதது. 1984-இல் இதற்குக் காதெரின் என்ற பெயர் வழங்கலாயிற்று. 1991-இல் வெளிவந்த ஆய்வுகளில், இவ்வினப் புரதமொன்றை இழந்த அணுக்கள் அண்டைத் திசுவுள் ஊடுருவின. அதனை மீண்டும் பெற்றபோது அடங்கின. 1998-இல், நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பமொன்றில் தலைமுறைதோறும் தோன்றிய இரைப்பைப் புற்றுக்கு அதே புரதத்தின் மரபணுப் பழுதே காரணம் எனத் தெரிந்தது. எனினும் விதி முற்றும் எளிதன்று. சில புற்று அணுக்கள் கைகோத்த கூட்டமாகவே பயணம் செய்கின்றன.

என் பாட்டியார் மார்பிலிருந்த கட்டியை நாணத்தால் மறைத்தார். வாய் திறந்தபோது நோய் எலும்பை எட்டியிருந்தது. பெரும்பாலும் உயிரைக் கவர்வது முதற்கட்டியன்று. அதிலிருந்து கழன்று சென்ற அணுக்களே. உடன்பிறந்தாளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் விடாமுயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் நிலையம் எழுந்தது. ஆனால், மருத்துவமனையின் வாயில் திறந்திருந்தால் மட்டும் போதுமா? நோயுற்றவர் காலத்தே வந்து சேரவும் வேண்டுமல்லவா?

கட்டி நின்ற இடத்தில் நிற்கும் காலமே நமக்குக் கிடைத்த காலம். உங்கள் இல்லத்தில் எவரேனும் சொல்லத் தயங்கினால், நீங்கள் தயங்காது அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.