கொடைக்கானல் ஏரி: ஒரு திருத்தம்



போன வாரம் பேரப்பிள்ளைகளோடு கொடைக்கானல் போயிருந்தேன். ஏரிக்கரையில் நடக்கும்போது பேத்தி, "இது யார் வெட்டின ஏரி, தாத்தா?" என்றாள். சுருக்கென்றது. வகுப்பில் உங்களுக்கு நான் அதை இயற்கை ஏரி என்றே சொல்லிக்கொடுத்தேன். தவறு.

மதுரை கலெக்டராக இருந்த வெரே ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடைகள் கூடும் சதுப்பு நிலத்தில் கரை போட்டுத் தேக்கிய நீர் அது. சுமார் 60 ஏக்கர். (அப்போது நாமும் மதுரை ஜில்லாதான், திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985-இல்.) நட்சத்திர வடிவம் என்று வியக்கிறோமே, பள்ளங்களுக்குள் தண்ணீர் ஏறி நின்றதால் வந்த வடிவம்.

பைன் காடும் அப்படித்தான், நட்டு வளர்த்தது. 1906 வாக்கில் பிரையண்ட் தொடங்கினார். பூங்காவுக்குப் பெயர் அவருடையதே. சுதந்திரத்துக்குப் பின் புல்வெளிகளில் பைன், யூகலிப்டஸ், சீகை மரங்களை வனத்துறை ஏராளமாக நட்டது. எல்லோரும் போட்டோ எடுக்கும் அந்தப் பைன் நிழலில் குனிந்து பார்த்தேன். காய்ந்த ஊசி இலை மெத்தை. புல்லைத் தேட வேண்டியிருந்தது. முன்பு இந்த மலையில் இருந்தவை சோலையும் புல்வெளியும். மழையை உறிஞ்சி வைத்து, கோடையிலும் ஓடைக்குக் கொடுத்தவை அவை.

நம் குடகனாறும் இதே பழனி மலைத்தொடரின் கீழ்மலையில்தான் பிறக்கிறது. அதில் குளித்து வளர்ந்தவன் நான். பேத்தி பார்த்ததெல்லாம் மணல்.

பழைய நோட்டு யாரிடமாவது இருந்தால், 'இயற்கை ஏரி' என்ற வரியை அடித்துவிடுங்கள்.