கண்ணாடித் தட்டு ஏன் வெடித்தது?



கடந்த ஆண்டு பணி ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு, கடையில் எதையும் வாங்கிக் கொடுக்க மனமின்றி, என் கையாலேயே ஒரு கண்ணாடித் தட்டைச் செய்து அன்பளிப்பாக வழங்கினேன். பழைய சன்னலிலிருந்து கழற்றிய கண்ணாடிப் பலகை அதன் அடித்தளம். நீலப் புட்டி, பச்சைப் புட்டி ஆகியவற்றின் சில்லுகள் மேற்பரப்பு. மின்சூளையில் 800 பாகை செல்சியசுக்கு மேல் சூடேற்றியபோது அவை உருகி ஒன்றாயின. ஆறிய பிறகு தட்டு மிக அழகாகவே இருந்தது. மூன்று வாரங்கள் கழித்து அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, நேத்து ராத்திரி யாரும் தொடவே இல்ல. மேசைமேல இருந்த தட்டு டக்குன்னு ரெண்டா போச்சு" என்றார். தாம் ஏதோ தவறு செய்துவிட்டதைப் போல் அவர் வருந்தியதுதான் எனக்குப் பெருத்த வெட்கத்தைத் தந்தது.

தவறு என்னுடையது. அதே சில்லுகளைக் கொண்டு என் மகளுக்குப் பதக்கமும் தோடும் செய்திருந்தேன். அவை இன்றுவரை நன்றாக உள்ளன. அந்தத் துணிவில்தான் தட்டில் கைவைத்தேன். சிறிய பொருள் பொறுத்துக்கொள்ளும் குறையைப் பெரிய பொருள் பொறுப்பதில்லை என்பதைப் பின்னரே படித்து அறிந்தேன். அவ்வாறு படிக்கத் தொடங்கியதில், உருக்கி ஒட்டும் கண்ணாடிக் கலையின் வரலாறு முழுவதிலும் இந்த ஒரே சிக்கல் ஊடாடுவதைக் கண்டேன். ஆசிரியர்களும் பெற்றோர்களும் அறிந்துகொள்ளத்தக்க செய்தி என்பதால் இங்கு எழுதுகிறேன்.

முதலில் சிறிது கணக்கு. சூட்டினால் கண்ணாடி விரியும், ஆறினால் சுருங்கும். உருகிய நிலையில் இரண்டு கண்ணாடிகள் எவ்வளவு வேறுபட்டாலும் கேடில்லை. ஏறத்தாழ 500 பாகைக்குக் கீழே இறங்கி இறுகிய பிறகுதான் தொல்லை தொடங்குகிறது. இக்கலையில் ஈடுபடுவோர் 90, 96 என இரு வகைக் கண்ணாடிகளைக் குறிப்பிடுவர். ஒரு பாகை சூட்டுக்கு ஒரு மீட்டர் நீளக் கண்ணாடி 0.0090 மில்லிமீட்டர் விரிந்தால் அது 90, 0.0096 மில்லிமீட்டர் விரிந்தால் அது 96. 25 சென்டிமீட்டர் அகலமுள்ள தட்டு 450 பாகை ஆறும்போது, முதல் வகை ஏறக்குறைய 1.01 மில்லிமீட்டர் சுருங்கும். இரண்டாம் வகை 1.08 மில்லிமீட்டர். வேறுபாடு 0.07 மில்லிமீட்டர், அதாவது ஒரு தலைமயிரின் தடிப்பு. ஒட்டிக்கொண்ட இரண்டும் அந்த மயிரளவுக்காக ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் ஏதேனும் ஒரு கீறல் வழிவிட்டால் தட்டு பிளந்துவிடும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். கண்ணாடி என்றதும் நம் மாணவர்களின் மனத்தில் நீண்ட குழாயால் ஊதும் கைவினைஞரின் படமே தோன்றும். ஊதும் முறையோ ஒப்பளவில் பிந்தியது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் கிழக்கு மத்தியதரைக் கடற்கரைப் பகுதியில்தான் அது தோன்றிற்று. அதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்னரே, இன்றைய ஈராக்கின் வடபகுதியில், வண்ணச் சில்லுகளை அடுக்கி உருக்கி ஒட்டிய கலங்கள் செய்யப்பட்டன. அங்குள்ள தெல் அல்-ரிமா என்னும் தொல்லிடத்தில் அவற்றின் துண்டுகள் கிடைத்துள்ளன.

கிரேக்கர் காலத்தில் இக்கலை உச்சம் தொட்டது. வண்ணக் கண்ணாடிகளைச் சேர்த்து, சூட்டோடு நீண்ட கம்பியாக இழுப்பர். அதைக் குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரே கோலம் தெரியும். வில்லைகளை நெருக்கி அடுக்கி, உருக்கி வட்டத் தகடாக்கி, பின்னர் அச்சின்மேல் வைத்து மறுபடியும் சூடேற்றுவர். தகடு தளர்ந்து அச்சின் வடிவில் படிந்து கிண்ணமாகும். 1900ஆம் ஆண்டில் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர்கள் கிரேக்கத்தின் அண்டிகித்தெராத் தீவருகே ஒரு மூழ்கிய கப்பலைக் கண்டனர். கி.மு. 1ஆம் நூற்றாண்டில் மூழ்கிய அக்கப்பலில் இத்தகைய கிண்ணங்களும் இருந்தன. இன்று அவை ஏதென்சு தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகத்தில் உள்ளன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள் கடலடியில் கிடந்தும் உடையாத கிண்ணங்கள்! என் தட்டின் ஆயுளோ மூன்று வாரம்.

அவர்களிடம் விரிவைக் கணக்கிடும் கருவி ஏதும் இல்லை. பிறகு எப்படி இயன்றது? என் கருத்தில் இதற்கான விடை தொழில் நடந்த முறையில் இருக்கிறது. அக்காலத்தில் பட்டறைகள் தத்தம் கண்ணாடியை மணலிலிருந்து காய்ச்சவில்லை. எகிப்தின் நேட்ரான் உப்பும் கடற்கரை மணலும் சேர்த்து, எகிப்திலும் பாலத்தீனக் கரையிலும் இருந்த பெரிய சூளைகளில் காய்ச்சிய கண்ணாடி, கட்டிகளாக உடைக்கப்பட்டுக் கப்பலேறியது. பட்டறைகள் அதை வாங்கி உருக்கின. கோபால்ட்டோ செம்போ சிறிதளவு சேர்த்தால் நீலமும் பச்சையும் கிடைக்கும். அடிப்படைக் கண்ணாடி பெரும்பாலும் ஒன்றே. அதனால் சுருக்கமும் ஏறத்தாழ ஒன்றே. இசுரேலில் பெத் சேயாரிம் என்னுமிடத்தில் ஒரே வார்ப்பாகக் காய்ச்சிய ஒரு கண்ணாடிப் பாளம் இன்றும் கிடக்கிறது. உரோமர் காலத்துக்குப் பிற்பட்ட அதன் நீளம் 3.4 மீட்டர், எடை ஏறத்தாழ 9 டன். சுண்ணாம்பு மிகுந்ததால் பயன்படாமற் போன பாளம் அது. தட்டு வெடித்த எனக்கு அச்செய்தி சிறிது ஆறுதல் அளித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அப்படியானால் அரிக்கமேட்டு மணிகள் என்னாயின என்று நண்பர்கள் கேட்கக்கூடும். புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் செய்யப்பட்டவற்றைப் போன்ற சிறு மணிகள் நம் நாட்டில் பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாசிலும் கிடைத்துள்ளன. ஆயினும் அவை கண்ணாடியைக் குழலாக இழுத்து, நறுக்கி, கூர்விளிம்பு மழுங்கும்வரை சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றிச் செய்தவை. பல துண்டுகளை ஒட்டியவை அல்ல. நம் பெருமைக்காக இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது முறையன்று.

ஊதுகுழல் வந்தபின், பல நாள் உழைப்பில் உருவான கிண்ணத்தின் இடத்தைச் சில நிமிடங்களில் ஊதிய கிண்ணம் பிடித்துக்கொண்டது. ஒட்டுக் கண்ணாடி மெல்ல மறைந்தது. 1870களில் வெனிசு நகரையடுத்த முரானோத் தீவில் வின்சென்சோ மொரெத்தி என்பவர் பழைய கிண்ணங்களைப் பார்த்து அம்முறையை மீட்டெடுத்தார். ஆனால் அது பட்டறைக் கலையாகவே நின்றது, வீட்டுக்கு வரவில்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்ததில் அமெரிக்காவின் சிகாகோவில் வாழ்ந்த மைக்கேல் ஹிக்கின்சு, பிரான்செசு ஹிக்கின்சு இணையருக்குப் பெரும்பங்கு உண்டு. 1948இல் மணம்புரிந்த இவர்கள் தங்கள் இல்லத்திலேயே சிறு சூளை வைத்துத் தட்டுகளும் அணிகலன்களும் செய்தனர். இவர்களின் உத்தி எளிமையானது. வண்ணத்தை வண்ணக் கண்ணாடியில் தேடாமல், சாதாரணச் சன்னல் கண்ணாடி இரண்டின் நடுவே பற்சிப்பிப் பொடியால் கோலமிட்டு உருக்கினர். மேலும் கீழும் ஒரே கண்ணாடி. ஆகவே இழுபறி குறைவு. நான் என் சன்னல் கண்ணாடியோடு நின்றிருந்தால் என் தட்டும் பிழைத்திருக்கும்!

ஆயினும் வண்ணக் கண்ணாடியே வேண்டும் என்போர் இருந்தனர். செருமானியக் கலைஞர் கிளவுசு மொயே 1979இல் சியாட்டில் நகருக்கு வடக்கேயுள்ள பில்சக் கண்ணாடிப் பள்ளியில் கற்பிக்க வந்தார். அங்கே அவரைச் சந்தித்தவர் பாய்சு லண்ட்சுட்ரம். போர்ட்லாந்து நகரில் நண்பர்கள் இருவரோடு 1974இல் புல்சை என்னும் கண்ணாடி ஆலையைத் தொடங்கியவர். ஒன்றோடொன்று ஒட்டினாலும் வெடிக்காத வண்ணப் பலகைகளைச் செய்து தருவதாக அவர் வாக்களித்தார். மொயே 1982இல் கான்பெரா கலைப்பள்ளியில் கண்ணாடித் துறையை நிறுவச் சென்றபோது, அப்பலகைகள் கடல் கடந்து அவரிடம் போய்ச் சேர்ந்தன. 1980களின் தொடக்கத்தில், ஒட்டும் தன்மையை ஆலையிலேயே சோதித்த கண்ணாடி விற்பனைக்கு வந்தது. இன்று வீட்டில் இக்கலையைச் செய்வோர் அனைவரும் அந்த வாக்குறுதியின் பயனை நுகர்பவர்களே.

அச்சோதனை நாமும் செய்யக்கூடியது. நிறமற்ற கண்ணாடிப் பட்டையில் வண்ணச் சில்லை ஒட்டி உருக்கி, நன்கு ஆறவிட்டு, குறுக்காக வைத்த இரண்டு போலராய்டு தகடுகளின் நடுவே பிடித்து, பின்னாலிருந்து ஒளி பாய்ச்ச வேண்டும். பொருந்தும் கண்ணாடியெனில் சில்லைச் சுற்றி இருளே தெரியும். பொருந்தாதெனில் ஓர் ஒளிவட்டம் தோன்றும். என்னிடம் மிஞ்சியிருந்த நீலப் புட்டிச் சில்லைச் சன்னல் கண்ணாடிப் பட்டையில் ஒட்டி இவ்வாறு பார்த்தேன். சாமி படங்களில் வரைவார்களே, அப்படியொரு வட்டம்!

சோதித்த கண்ணாடியை வாங்கி, இம்முறை 482 பாகையில் உரிய நேரம் நிறுத்தி, ஓர் இரவு முழுவதும் ஆறவிட்டுப் புதிய தட்டு ஒன்று செய்து, கடந்த மாதம் அம்மையாரிடம் கொண்டு சென்றேன். அன்போடு வாங்கிக்கொண்டார். பழைய தட்டின் பெரிய பாதி அவர் வாசல் மேசையில் சாவிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிக் கேட்டேன், கொடுக்க மறுத்துவிட்டார்.