பஞ்சம் போனது, பாட்டு நின்றது

   

"ஊரே அழுகிற நேரத்தில் பாட்டு எதற்கு? வயிறு எரியும்போது வெண்பாவா?" என்று எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டுவிட்டு உட்கார்ந்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நானும் தட்டினேன். அவர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இரங்கல் கவியரங்கம் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். பார்த்தால், இறந்து போனவர் படம் தபால்தலை அளவு. கவிஞர் படம் ஆளுயரம்! மேடையில் ஏறி, "என் பேனா அழுகிறது, என் காகிதம் கதறுகிறது" என்கிறார். ஐயா, பேனாவும் காகிதமும் அழுதது போதும், செத்தவனைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அந்த மாதிரிக் கவிதைக்கு வக்காலத்து வாங்க நான் வரவில்லை. அதை எதிரணியே வெச்சுக்கட்டும்!

நான் வாதாட வந்தது வேறு ஒரு கவிதைக்காக. அதற்குத் தமிழ் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் கையறுநிலை. பெயரைக் கவனியுங்கள். கண்ணீர் நிலை என்று வைக்கவில்லை. கதறல் நிலை என்று வைக்கவில்லை. கை அற்றுப்போன நிலை. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்ற நிலை. "பாடுகிற நேரத்தில் கையால் ஏதாவது செய்யக்கூடாதா?" என்று கேட்டீர்களே, கையால் செய்ய முடிந்ததெல்லாம் முடிந்துபோன இடத்திலேதான் அந்தப் பாட்டே பிறக்கிறது. செயலுக்குப் போட்டியாக வந்ததல்ல அது.

புறநானூற்றில் 112-ஆம் பாட்டு. பறம்புமலை பறிபோய், பாரி மாண்டபின் அவன் பெண்கள் இருவர் பாடியது. மொத்தமே ஐந்து அடி. போன பௌர்ணமிக்கு என்ன இருந்தது, இந்தப் பௌர்ணமிக்கு என்ன இல்லை, அவ்வளவுதான் செய்தி. ஒரு ‘ஐயோ’ கிடையாது. வென்ற வேந்தர்களின் முரசு அதில் இருக்கிறது. அவர்கள் பெயர் இல்லை! ஒரு மலையையே பிடித்தவர்களுக்கு ஐந்து அடியில் ஓர் இடம் கிடைக்கவில்லை.

"பேராசிரியரே, அது ராஜா வீட்டுத் துக்கம். ஊர் துக்கத்துக்கு வாருங்கள்" என்பீர்கள். வருகிறேன். தாது வருஷத்துக்கே வருகிறேன்.

தாது வருஷப் பஞ்சம் என்றால் 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பஞ்சம். மழை பொய்த்தது தாது வருஷத்தில். அடுத்த வருஷமும் தொடர்ந்தது. பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் மட்டும் 50 லட்சம் பேருக்கு மேல் மாண்டார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பிழைத்தவர்களில் பலர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குக் கப்பலேறினார்கள். பரம்பரை ஆண்டியா, பஞ்சத்துக்கு ஆண்டியா என்று இன்றைக்கும் கேலி பேசுகிறோமே, ஊர் ஊராகப் பஞ்சத்துக்கு ஆண்டியானவர்கள் நிறைந்த காலம் அது.

அந்த நேரத்தில் ஆட்சி என்ன செய்தது? 1877 ஜனவரி 1-ஆம் தேதி வைஸ்ராய் லிட்டன் பிரபு டெல்லியில் பெரிய தர்பார் கூட்டி, விக்டோரியா மகாராணியை இந்தியாவின் சக்கரவர்த்தினி என்று பிரகடனம் செய்தார். அதே மாதம், பஞ்சச் செலவைச் சுருக்குவதற்காக சர் ரிச்சர்டு டெம்பிள் என்ற அதிகாரி தெற்கே வந்தார். நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கிற ஓர் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியம், கூட ஓரணா காசு என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட முழுசாக இல்லை. சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ், அவரும் ஆங்கிலேயர்தான், "இது உழைக்கிற உடம்புக்குப் போதாது" என்று எதிர்த்து வாதாடினார். இதற்கிடையில் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறுவதும் நிற்கவில்லை. வெளியூர்த் தானியம் உள்ளே வந்தது. அதை வாங்கக் கையில் காசுதான் இல்லை.

சென்னைக்காரர்களுக்கு பக்கிங்காம் கால்வாய் என்றால் முதலில் மூக்கைப் பொத்திக்கொள்ளத்தான் தோன்றும். நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற அதன் பகுதி இந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. எலும்பும் தோலுமாக நின்று வெட்டினவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். கால்வாய்க்குப் பெயர் யாருடையது? அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது! வெட்டினவன் பெயர் ஒன்றுகூட அதில் இல்லை.

எதிரணி நண்பர் ஒருவர் சொன்னார்: "வரலாற்றைப் பதிவு செய்ய அரசு அறிக்கைகள் இருக்கின்றன, புத்தகங்கள் இருக்கின்றன. கவிதை எதற்கு?" உண்மைதான். ‘மெட்ராஸ் டைம்ஸ்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்த வில்லியம் டிக்பி இந்தப் பஞ்சத்தைப் பற்றி 1878-லேயே இரண்டு பாகமாக ஒரு புத்தகம் போட்டார். பஞ்சக் கமிஷன் 1880-ல் அறிக்கை கொடுத்தது. எல்லாம் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. கரையான் மட்டும் படித்துக்கொண்டிருக்கிறது!

எங்கள் பாட்டி அந்த அறிக்கையைப் படித்தவள் இல்லை. அவள் பிறந்ததே பஞ்சம் போய் முப்பது வருஷத்துக்குப் பிறகு. ஆனால் தட்டில் ஒரு பிடி சோறு மிச்சம் வைத்தால் சொல்வாள்: "தாது வருஷத்துல இந்த ஒரு பிடிக்கு உசுரு போயிருக்குடா, தின்னுட்டு எந்திரி." அவளுக்கு யார் சொன்னது? பாட்டு சொன்னது. பஞ்சத்தைப் பற்றிக் கும்மி கட்டினார்கள், சிந்து கட்டினார்கள். மலிவுத் தாளில் அச்சடித்து, சந்தையிலும் திருவிழாவிலும் பாடிப் பாடி விற்றார்கள். எழுத்துத் தெரியாத பெண்களும் காதால் வாங்கி, வாயால் அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தார்கள்.

அவள் அதிகம் பாடியது நல்லதங்காள் கதை. தாய்மார்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அது எந்த வருஷத்துப் பஞ்சம் என்று கேட்காதீர்கள். எந்தப் பஞ்சம் வந்தாலும் மக்கள் எடுத்துப் பாடியது அந்தக் கதையைத்தான். புகுந்த ஊரில் மழையில்லை. ஏழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறாள் நல்லதங்காள். அண்ணன் இல்லாத நேரம். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துகிறாள். ஏழு பிள்ளைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுகிறாள் தாய். பாட்டி அந்த இடத்துக்கு வரும்போது குரல் கம்மும். அரைக்கிற கை நின்றுவிடும். தெருவில் போகிற பெண்கள் உள்ளே வந்து உட்கார்ந்து அழுவார்கள்.

இங்கே ஒரு கேள்வி கேட்கிறேன், நடுவர் அவர்களே. அந்தக் கதையில் நல்லதங்காளைக் கொன்றது எது? மழை இல்லாததா? மழை இல்லாமல் அவள் சாகவில்லையே! பிள்ளைகளோடு நடந்து அண்ணன் வாசல் வரைக்கும் வந்துவிட்டாளே! அந்த வீட்டுக் குதிரில் நெல் இருந்தது. அடுப்பில் நெருப்பு இருந்தது. கொன்றது சாத்திய கதவு! நெல் இருக்கிற வீட்டு வாசலில் பசித்த பிள்ளை செத்துப்போகும் என்று ஊருக்கு எடுத்துச் சொன்னது அந்தப் பாட்டு.

1981-ல் அமர்த்தியா சென் ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்று ஒரு நூல் எழுதினார். 1943-ல் வங்காளத்தில் பஞ்சம் வந்தபோது அவர் சாந்திநிகேதனில் ஒன்பது வயதுப் பையன். பசித்து வந்தவர்களுக்கு ஆளுக்கு ஒரு சிகரெட் டப்பா அளவு அரிசி கொடுக்க அவருடைய தாத்தா அனுமதித்ததாகப் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையன் வளர்ந்து, கணக்குப் போட்டு நிறுவியது என்ன? நாட்டில் உணவு இருந்தும் பஞ்சம் வரும். உணவு இல்லாமல் போவது ஒன்று, உணவு எட்டாமல் போவது வேறு. 1998-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசும் வாங்கினார். அந்த மேதைக்கு என் வணக்கம். ஆனால் எட்டாமல் போவது என்றால் என்ன என்பதை எங்க பாட்டி அம்மி பக்கத்துல உட்கார்ந்து ராகம் போட்டுப் பாடிட்டாளே!

மனுஷன் கதவைச் சாத்தினான், சாமி திறந்ததா? அதையும் ஒரு புலவர் கேட்டுவிட்டார். சிவகங்கைச் சீமையைச் சேர்ந்த வில்லியப்ப பிள்ளை, ‘பஞ்சலட்சணத் திருமுகவிலாசம்’ என்று ஒரு நூல் பாடினார். திருவிளையாடற் புராணத்தில் மதுரைச் சொக்கநாதர், ஏழைப் பாணபத்திரனுக்குப் பொருள் கொடு என்று சேர மன்னனுக்குத் திருமுகம், அதாவது கடிதம், கொடுத்தனுப்புவார் அல்லவா? பழைய கதையைப் புலவர் புதிதாகத் திருப்பிப் போட்டார். பஞ்சத்தில் அடிபட்ட ஜனங்கள் மதுரைக் கோயிலில் போய் முறையிடுகிறார்கள். சொக்கநாதர் என்ன செய்தார்? "என்னால் ஆகாது, சிவகங்கை ஜமீன்தாரிடம் போங்கள்" என்று ஒரு சிபாரிசுக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார்! ஆபீசில் மனுவை அடுத்த மேஜைக்குத் தள்ளிவிடுகிற குமாஸ்தா மாதிரி! சிரிப்பு வருகிறது. சிரித்து முடித்ததும் தொண்டை அடைக்கிறது. ஆண்டவனே கையை விரித்துவிட்டான் என்றால் அதுவும் கையறுநிலைதானே?

எதிரணியின் கடைசிக் கேள்வி மிச்சம் இருக்கிறது: "இத்தனை பாட்டும் ஓர் உயிரைக் காப்பாற்றியதா?" நியாயமான கேள்வி. பாட்டு கஞ்சி ஊற்றாது. அதனால்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறேன். முன்சீப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். 1879-ல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ என்ற தமிழின் முதல் நாவலை அச்சில் தந்தவர். தாது வருஷத்தில் அவர் தம் வீட்டுப் பணத்தைப் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார். பஞ்சம் தீர வேண்டிக் கீர்த்தனையும் பாடினார். நந்தன் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார் அவருடைய கொடையைப் பாராட்டி ஒரு கீர்த்தனை செய்தார். ஒரு கையில் அகப்பை, மறு கையில் எழுதுகோல். பாட்டா, கஞ்சியா என்று எதிரணி நம்மைத் தேர்வு செய்யச் சொல்கிறது. வேதநாயகம் பிள்ளையிடம் போய் அப்படிக் கேட்டால், "முதலில் வரிசையில் வந்து கஞ்சியை வாங்கிக் குடியப்பா, பிறகு பேசலாம்" என்றிருப்பார்!

சட்டம் வந்ததே என்பார்கள். வந்தது. கமிஷன் அறிக்கைக்குப் பிறகு பஞ்சக் கால விதிகள் எழுதப்பட்டன. நல்ல காரியம். ஆனால் 1943-ல் வங்காளத்தில் அந்த விதிப் புத்தகம் அலமாரியில் இருக்கும்போதே, பஞ்சம் என்று அரசு அறிவிக்கவே இல்லை. எழுதின சட்டம் இருந்தால் போதாது. அதை எடுத்துப் பிரிக்கச் சொல்லி உறுத்துகிற ஒரு மனசும் வேண்டும். அந்த உறுத்தலை அறிக்கை உண்டாக்காது. 50 லட்சம் என்று படித்தால் நமக்குத் தலை சுற்றுகிறது, கண் கலங்குவதில்லை. ஏழு பிள்ளை, ஒரு கிணறு என்றால் கலங்கிவிடுகிறது. அப்படிக் கலங்கின கண்தான் நாளைக்கு வாசலில் ஒருத்தி வந்து நிற்கும்போது கதவைப் பார்க்கும்.

ஆகவே நல்ல இரங்கற்பாவுக்கும் போலிக்கும் நான் ஓர் உரைகல் தருகிறேன். பாட்டு முடிந்ததும் யார் நினைவில் நிற்கிறார்கள்? அழுதவரா, அழப்பட்டவரா? பழைய கதைப்பாடல் பலவற்றின் அட்டையில் புகழேந்திப் புலவர் என்று போட்டிருக்கும். அவர் எழுதியதில்லை என்பது ஆய்வாளர் முடிவு. நல்லதங்காளை முதலில் பாடியவர் பெயர் காற்றோடு போய்விட்டது. நல்லதங்காள் போகவில்லை. கால்வாயில் கவர்னர் பெயர் நிற்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களின் வாயில் பசித்த தாயின் பெயர் நிற்கிறது. இரண்டில் எது வரலாறு என்று நடுவர் அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஊர் அழும்போது கஞ்சி கொடுங்கள், துணி கொடுங்கள், மருந்து கொடுங்கள். அதற்குக் குறுக்கே எந்தக் கவிதையும் நிற்கக் கூடாது. எல்லாம் கொடுத்த பிறகு, சாத்தியிருந்த கதவு யார் வீட்டுக் கதவு என்று யாராவது ஒருவர் பாடி வைக்க வேண்டும். பாடாவிட்டால், அடுத்த பஞ்சத்தில் அதே கதவு திரும்பவும் சாத்தப்படும். சாத்தியவர் முகம் யாருக்கும் தெரியாது.

ஊர் துயரத்துக்குக் கவிதை தேவையே என்று தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமைகிறேன்.