தீவகத்தின் அரும்பொருள்கள்: சாட்டியை மையமாகக் கொண்டதொரு வரலாற்று நோக்கு

கலைக்கூடம் என்றவுடன் நகரத்து மண்டபமும் கண்ணாடிப் பேழையுமே நினைவிற்கு வருகின்றன. யாழ்ப்பாணத்தார்க்கு நாவலர் வீதியிலுள்ள தொல்பொருட் காட்சிச்சாலையும், 2020 ஆம் ஆண்டு நாவற்குழியில் திறக்கப்பெற்ற சிவபூமி அரும்பொருட் காட்சியகமும் அத்தகையன. ஆயின், பண்ணைக் கடலைக் கடந்து தீவகத்துட் புகுவோர்க்கு வேறொரு வகைக் கலைக்கூடம் புலப்படும். அதன் இயல்பையும் அதனைப் பேணும் வழியையும் ஈண்டு நோக்குவோம்.

பண்ணையிலிருந்து அல்லைப்பிட்டி, சாட்டி, புங்குடுதீவு ஆகிய ஊர்களைத் தொட்டுச் செல்லும் வழி குறிகட்டுவான் இறங்குதுறையில் முடிகிறது. அல்லைப்பிட்டியில் 1970களின் பிற்பகுதியில் ஜோன் கார்ஸ்வெல் சீனமட்கல ஓடுகளைக் கண்டறிந்தார். 2018 இல் ஷாங்காய் அரும்பொருட் காட்சியகத்தார் இலங்கை அறிஞருடன் இணைந்து அங்கு அகழ்வு நடத்தினர். தென்சீனச் சூளைகளில் உருவான இக்கலங்கள் 11 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் 12 ஆம் நூற்றாண்டின் முற்பகுதிக்கும் உரியன என்பர்.

அடுத்துள்ள சாட்டியின் தொன்மையோ இதனினும் பழையது. பொ. இரகுபதி 1987 இல் வெளியிட்ட யாழ்ப்பாணத் தொல்குடியிருப்புகள் பற்றிய ஆய்வில் இவ்வூரும் இடம்பெறுகிறது. கந்தரோடை, ஆனைக்கோட்டை ஆகியவற்றோடு சேர்த்துப் பெருங்கற்காலப் பண்பாட்டு மையங்களுள் ஒன்றாக இதனை ஆய்வாளர் எண்ணுவர். உவர்நீர் மிகுந்த தீவகத்தில் நன்னீருக்குப் பெயர்பெற்றது சாட்டி. குடியிருப்புத் தோன்றியமைக்கு அந்நீரே காரணமாதல் கூடும்.

குறிகட்டுவானிலிருந்து கடல் கடந்தால் நயினாதீவு. நாகபூஷணி அம்மன் கோயிலில் முதலாம் பராக்கிரமபாகுவின் (1153–1186) தமிழ்ச் சாசனம் உளது. கா. இந்திரபாலா 1963 இல் இதனை ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறைக்கு வரும் பரதேசிகள் காக்கப்பட வேண்டும். யானை, குதிரை கொணரும் மரக்கலம் உடைந்தால் நாலிலொரு பங்கும், வாணிகச் சரக்குக் கொணரும் கலம் உடைந்தால் செம்பாதியும் பண்டாரத்துக்கு உரியன. எஞ்சியவை உடையவர்க்கே சேரும் என்பது அதன் கட்டளை.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்குவார்க்கு ஓருண்மை விளங்கும். அல்லைப்பிட்டி ஓடுகள் கடல் வாணிகத்தின் சரக்கைக் காட்டுகின்றன; நயினாதீவுக் கல் அவ்வாணிகத்தின் சட்டத்தைக் கூறுகிறது; சாட்டியோ அவற்றுக்கு முந்திய குடியிருப்பை உணர்த்துகிறது. ஒன்றற்கு மற்றொன்று உரையாக அமைகின்றது. பொருளை அதன் இடத்தினின்று பிரித்தால் அவ்வுரை அறுந்துபோம்.

நகரமே பாதுகாப்பான இடம் என்பார் உளர். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தமை அக்கருத்தை மறுக்கும். அதேவேளை ஊரிலேயே வைத்தல் மட்டும் காப்பாகாது. 1990 இல் போர் காரணமாகத் தீவக மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். காப்பாரற்ற மனைகளில் எஞ்சியவை சில. இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே: பொருள் எங்கிருப்பினும் அதனைப் பற்றிய பதிவு பல இடங்களில் இருத்தல் வேண்டும்.

ஆதலின், கோயில், தேவாலயம், மனை என்பவற்றிலுள்ள அரும்பொருள்களைக் கண்ட இடம், அளவு, நிழற்படம் என்பவற்றுடன் பதிவேட்டில் ஏற்றுதல் முதற்பணியாம். ஓடுகளின் மாதிரிகளும் சாசனத்தின் மைப்படியும் கொண்ட சிற்றறையொன்று சாட்டியில் அமைதல் அடுத்த பணி. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்வோர் அவ்வழியே கடக்கின்றனர்; தாம் கடக்கும் மண்ணின் வரலாற்றை அவர் அங்கு நின்று அறிவர். இப்பணியிற் பல்கலைக்கழக மாணவர் முன்னிற்றல் வேண்டும் என்பதே எம் கருத்து.