உள்ளங்காலில் ஒரு கரும்புள்ளி: மெலனோமாவின் வரலாறு

"மெலனோமாவா? அது வெள்ளைக்காரங்கட வருத்தம். எங்கட தோலுக்கு வராது." படித்தவர்கள் வாயிலும் கேட்கிற பேச்சு இது. இதில் பாதி உண்மை. மற்றப் பாதிதான் ஆளை விழுத்துகிறது. இந்த எண்ணம் எப்படி வந்தது என்று விளங்க, நோயின் வரலாற்றைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும்.

1787 இல் லண்டனில் ஜோன் ஹன்டர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரின் தாடையிலிருந்து கட்டியொன்றை வெட்டியெடுத்தார். என்ன நோயென்று அவருக்குச் சரியாகத் தெரியாது. ஆனாலும் கட்டியைப் பத்திரப்படுத்தி வைத்தார். 1968 இல் அதைச் சோதித்தபோதுதான் மெலனோமா என்று உறுதியானது. இதற்கிடையில், 1804 இல் பாரிஸில் லெனெக் என்ற வைத்தியர், 'கறுப்பு' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து 'மெலனோஸ்' என்று இந்நோய்க்குப் பெயரிட்டார். 1820 இல் இங்கிலாந்தின் வில்லியம் நொரிஸ், இது சில குடும்பங்களில் வழிவழியாக வரலாம் என்று எழுதினார்.

வெயிலோடு இதைத் தொடர்புபடுத்தியவர் அவுஸ்திரேலியரான லங்காஸ்டர். ஐரோப்பிய வம்சாவளியினர் பூமத்திய ரேகையை நெருங்கி வாழ வாழ இந்நோயால் இறப்பது கூடுகிறது என்று 1956 இல் அவர் காட்டினார். 1981 இல் அந்நாட்டில் ஷேர்ட் போடு, கிறீம் பூசு, தொப்பி வை என்ற பிரசாரம் தொடங்கியது. வெள்ளைத் தோலுக்கு அது தேவையான புத்திமதிதான். ஆனால் 'வெயில், வெள்ளைத் தோல்' என்ற படமே எல்லாருடைய மனதிலும் நின்றுவிட்டது.

எங்கட தோலிலுள்ள மெலனின் வெயிலை ஓரளவு தடுப்பதால், எங்களுக்கு இந்நோய் வருவது குறைவு. உண்மைதான். ஆனால் வந்தால், பெரும்பாலும் உள்ளங்காலில், உள்ளங்கையில், நகத்தின் அடியில் வருகிறது. அங்கே வெயிலுக்குப் பெரிய பங்கில்லை. நகத்தடியில் வரும் இந்த வகையை ஜொனதன் ஹட்சின்சன் 1886 இலேயே விவரித்திருந்தார். அப்படியிருந்தும் 1977 இல் பாடகர் பொப் மார்லியின் கால் பெருவிரலில் வந்ததை முதலில் உதைபந்தாட்டக் காயம் என்றே நினைத்தார்கள். 1981 மே 11 இல், 36 வயதில் அவர் மரணித்தார்.

கட்டி எத்தனை மில்லிமீற்றர் ஆழத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் கதியைப் பெரிதும் தீர்மானிக்கிறது என்று 1970 இல் பிரெஸ்லோ காட்டினார். மேலோட்டமாக இருக்கும்போதே வெட்டியெடுத்தால் பெரும்பாலானோர் சுகமாகிவிடுவர். உள்ளே இறங்கிப் பரவிவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

ஆகவே வயல் வேலை செய்கிறவர்களும் கடலுக்குப் போகிறவர்களும் மட்டுமல்ல, எல்லாருமே கால் கழுவும்போது உள்ளங்காலையும் விரலிடுக்கையும் ஒருக்கால் பார்த்துக்கொள்ள வேண்டும். வடிவம் மாறுகிற, பெருக்கிற கரும்புள்ளி, ஆறாத புண், நகத்தில் அகலமாகிக்கொண்டு போகும் கறுப்புக் கோடு, நகத்தைச் சுற்றிய தோலிலும் பரவும் கறுப்பு: இவற்றில் எது இருந்தாலும் "ஆணி" என்றோ "அடிபட்டது" என்றோ விட்டுவிடாமல் டொக்டரிடம் காட்டுங்கள். வயதான வாப்பா, உம்மாவுக்குக் குனிந்து பார்க்க ஏலாது. அவர்களின் காலைப் பிள்ளைகள்தான் பார்க்க வேண்டும்.